பாலையில் ஒரு விருந்து

தமிழர் தாம் வாழ்ந்த நிலத்தை ஐந்தாகப் பகுத்துக் கண்டனர். மலை சார்ந்த நிலம் குறிஞ்சி எனவும், காடு சார்ந்த நிலம் முல்லை எனவும், வயல் சார்ந்த நிலம் மருதம் எனவும், கடல் சார்ந்த நிலம் நெய்தல் எனவும் பெயர் பெற்றன. இந்நான்கிற்கும் இயற்கை வகுத்த எல்லை உண்டு. ஐந்தாவதாகிய பாலைக்கு அத்தகைய எல்லை இல்லை. வேனில் வெப்பத்தால் முல்லையும் குறிஞ்சியும் நீர்வளம் குன்றி, முன்னைத் தன்மை மாறி நின்றால், அந்நிலையைப் பாலை என்றனர் முன்னோர். இக்கருத்தைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் காணலாம். எனவே, தமிழர் கண்ட பாலை ஓர் இடத்தின் பெயர் என்பதினும், ஒரு நிலையின் பெயர் என்பதே பொருந்தும். நிலை என்பது மாறக்கூடியது. வந்த பாலை நீங்கவும் கூடும். நீங்கிய பாலை மீளவும் கூடும்.

பாலை என்றவுடன் இக்காலத்தார் கண்முன் தோன்றுவது மணற்கடல். அரபு நாடுகளில் பணிபுரியும் நம் இளைஞர்கள் விடுமுறை நாளில் நண்பரோடு மணற்குன்றுகளைக் கண்டு களித்து, மாலையில் கூடாரத்தே அமர்ந்து விருந்துண்டு மீள்கின்றனர். இராஜஸ்தானத்துத் தார்ப் பாலையைக் காண்பதற்கும் ஆண்டுதோறும் மக்கள் திரள்கின்றனர். ஆண்டிற்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் நிலமே பாலைவனம் என்பது நில நூலார் வழக்கு. அவ்வளவை கொண்டு நோக்கினால் தமிழ்நாட்டில் பாலைவனம் இல்லை. வறண்ட மாவட்டம் என்று பேசப்படும் தருமபுரியிலும் ஆண்டு மழை ஏறத்தாழ 850 மில்லிமீட்டர் அளவில் பெய்கின்றது. ஆயினும், அம்மாவட்டத்தின் மேட்டு நிலங்களில் கோடைக்காலத்தில் வழிநடப்போர், பண்டைப் புலவர் பாடிய பாலையைத் தம் கண்ணாரக் காண்பர். இத்துணை மழை பெய்தும் அந்நிலம் பாலையாவது ஏன்? இவ்வினாவிற்கு விடை காண விழைந்து, சித்திரைத் திங்களில் ஒரு நாள் நண்பர் மூவர் தருமபுரியிலிருந்து புறப்பட்டோம். ஒருவர் மருத்துவர், மற்றொருவர் நில நூல் வல்லவர், மூன்றாமவன் தமிழ் கற்பித்த யான். பென்னாகரத்தை அடுத்த சிற்றூரில் வாழும் உழவர் ஒருவர் எங்கள் இளமைக்கால நண்பர். அவரே எங்களை நண்பகல் விருந்திற்கு அழைத்திருந்தார்.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, கடையெழு வள்ளல்களுள் ஒருவன். அவன் பெயரைத் தாங்கி நிற்கும் அதியமான்கோட்டை, தருமபுரிக்குத் தெற்கே சேலத்திற்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. காலை வெயில் ஏறுமுன் அவ்விடம் சேர்ந்தோம். பழைய கோட்டையின் சிதைந்த சுவடுகளே இன்று எஞ்சியுள்ளன. அரசன் மாளிகை இருந்த இடம் யாது, யானை கட்டிய இடம் யாது என்று சொல்வார் எவரும் இலர். சேர வேந்தன் பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை முற்றி வென்றான் என்பது வரலாறு. அப்போரைப் பாடிய தகடூர் யாத்திரை என்னும் நூலும் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை; சில செய்யுட்களே எஞ்சின.

கோட்டை அழிந்தது, நூலும் அழிந்தது, அழியாது நின்றது ஒரு கனியின் கதை. உண்டாரை நெடுநாள் வாழச் செய்யும் அரிய நெல்லிக்கனி ஒன்று அதியமானுக்குக் கிட்டியது. ஏறுதற்கரிய மலையுச்சியில் விளைந்த கனி அது. அதன் சிறப்பைக் கூறாமலே அவன் அதனை ஔவையாருக்கு ஈந்தான். கூறியிருந்தால் ஔவையார் ஏலாது மறுத்திருப்பார் அன்றோ? தான் உண்டு நெடிது வாழ்வதினும், பிறர் உண்டு நெடிது வாழ்வதே நன்று எனக் கருதிய உள்ளம் அது. புறநானூறு போற்றும் இச்செய்தியைப் பேசியவாறே அங்கிருந்து நீங்கினோம்.

பின்னர்த் தருமபுரி நகரில் உள்ள அருங்காட்சியகத்தைக் கண்டோம். அதன் தனிச்செல்வம் நடுகற்கள். பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்கப் பொருது வீழ்ந்த வீரனின் உருவம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கும். அவன் பெயரும் ஊரும், அரசனின் ஆட்சியாண்டும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். இம்மாவட்டத்தில் நடுகற்கள் மிகுந்திருப்பதற்குக் காரணம் என்ன என்று மருத்துவர் வினவினார். நில நூல் வல்லார் விடையிறுத்தார்: “ஆற்றுப் பாசனம் உள்ள நாட்டில் நெல்லே செல்வம். மழையை நம்பிய மேட்டு நாட்டில் மாடே செல்வம். மழை பொய்த்தால் விளைச்சல் அழியும். ஆனால் மாட்டை மேய்ச்சல் உள்ள இடத்திற்கு ஓட்டிச் செல்லலாம். அதனால் இங்கே மாட்டைக் காத்தவன் ஊரைக் காத்தவன் ஆனான்.” அவர் கூறியது எமக்கும் பொருத்தமாகவே பட்டது. மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் தமிழில் உண்டு என்பதை மாணவர் நினைவு கூர்க.

தருமபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் ஏறத்தாழ 46 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாங்கள் அவ்வழியில் மேற்கு நோக்கிச் சென்றோம். சாலையின் இருமருங்கும் ஆங்காங்கே புளியமரங்கள் நிழல் தந்தன. நிழலைக் கடந்து நோக்கினால் செம்மண் நிலம் கண்கூசக் கிடந்தது. உழுது போட்ட கட்டிகள் மழைத்துளிக்கு ஏங்கிக் கல்லாய் இறுகியிருந்தன. ஏரிகளின் அடிநிலம் வெடித்து, அதன்மேல் சீமைக்கருவேல் செழித்திருந்தது. பாறைக் குன்றுகள் வெயிலைக் குடித்து அனலைக் கான்றன. வானில் பருந்து ஒன்று வட்டமிட்டது. தொல்காப்பியர் பாலைக்கு நண்பகலையும் வேனிலையும் பொழுதாக வகுத்தது எத்துணைப் பொருத்தம் என்பதை அன்று உடலால் அறிந்தோம்.

உச்சிவேளையில் நண்பரின் ஊரை அடைந்தோம். வேப்பமர நிழலில் கயிற்றுக் கட்டிலிட்டு எங்களை அமர்த்தினார் நண்பர். எண்பது அகவை கடந்த அவர்தம் அன்னையார், வளைந்த முதுகோடு மெல்ல நடந்து வந்து, செம்பில் தண்ணீர் கொடுத்து, “வெயிலில் வந்திருக்கிறீர்கள், தம்பிகளே. முதலில் இதைக் குடியுங்கள். இது ஆற்றுத் தண்ணீர், அச்சமின்றிக் குடிக்கலாம்” என்றார். தண்ணீர் கொடுப்பவர் அச்சத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று வியந்தேன். அதன் பொருள் பின்னர் விளங்கிற்று.

வாழையிலையில் விருந்து படைத்தனர். கொதிக்கும் உலைநீரில் கேழ்வரகு மாவை இட்டுத் துடுப்பினால் கிண்டித் திரட்டிய களி, உருண்டையாக ஆவி பறக்க வந்தது. அதன் நடுவே குழி செய்து கொள்ளுக் கடைசலை ஊற்றினர். அருகே கீரைக் கடைசலும், நிலக்கடலைத் துவையலும், நெல்லிக்காய் ஊறுகாயும் வைத்தனர். களியை மெல்லுதல் ஆகாது. குழம்பில் தோய்த்து விழுங்குதல் வேண்டும். மருத்துவர் நகரத்தில் வளர்ந்தவர். அவர் மென்று மென்று வாயைத் திறக்க இயலாமல் திகைத்ததைக் கண்டு அன்னையார் சிரித்தார். அடுத்துச் சாமைச் சோறும் மோரும் வந்தன. அரிசி ஒரு பருக்கையும் அவ்விருந்தில் இல்லை. குறையும் ஒன்றும் இல்லை.

உண்டு முடித்தபின் நண்பர் கூறினார்: “நெல்லுக்கு நீர் நின்றாக வேண்டும். கேழ்வரகுக்கும் சாமைக்கும் கொள்ளுக்கும் நல்ல மழை சில பெய்தாலே போதும். எங்கள் நிலம் எதைத் தருமோ அதையே உண்கிறோம்.” சிறுதானியங்களின் பெருமையை உலகம் இன்று உணர்ந்து வருகின்றது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. தகடூர் நாட்டு உழவரோ அவ்வறிவிப்பிற்கு நெடுங்காலம் முன்னரே அதனை அறிந்திருந்தனர்.

அன்னையாரின் வளைந்த முதுகையே மருத்துவர் நெடுநேரம் நோக்கிக்கொண்டிருந்தார். “அம்மா, இளமையில் நீங்கள் எந்தத் தண்ணீர் குடித்தீர்கள்?” என்று கேட்டார். “கிணற்றுத் தண்ணீர்தான், தம்பி. கிணறு வற்றிய பிறகு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். பளிங்கு போல இருக்கும். குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்த ஊரில் பல்லில் கறை இல்லாத பிள்ளையே அப்போது கிடையாது. வயது ஏற ஏற முதுகு நிமிராது, முழங்கால் மடங்காது. ஊழ்வினை என்று இருந்துவிட்டோம்” என்றார் அவர்.

அஃது ஊழ்வினை அன்று. நீரில் கரைந்திருந்த ஃபுளோரைடு என்னும் உப்பின் வினை. நில நூல் வல்லார் அதன் தோற்றத்தை விளக்கினார். இம்மாவட்டத்தின் அடிநிலம் மிகப் பழமையான கடும்பாறையால் ஆகியது. அப்பாறையில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உள்ளன. நிலத்தினுள் இறங்கிய நீர் நெடுங்காலம் பாறை வெடிப்புகளில் தங்குங்கால், அவ்வுப்பு சிறிது சிறிதாக நீரில் கரைகின்றது. ஆண்டுதோறும் புதுமழை நீர் நிலத்துள் நிறைய இறங்கினால் அதன் செறிவு குறையும். ஏரியும் குளமும் தூர்ந்து, மழைநீர் நிலத்துள் இறங்காமல் ஓடிவிட்டால் நிலத்தடி நீர் கீழே செல்லும். மக்கள் மேலும் ஆழமாகத் துளையிடுவர். ஆழம் மிகுந்தால் பல இடங்களில் உப்பின் செறிவும் மிகும். இங்ஙனம் நீரைத் தேடிச் செல்வோர் நோயைத் தேடிச் செல்வோர் ஆகின்றனர்.

அந்நோயின் இயல்பை மருத்துவர் எடுத்துரைத்தார். அதன் பெயர் ஃபுளோரோசிஸ். இந்தியாவில் இந்நோய் 1937ஆம் ஆண்டு, அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர்ப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறிந்து உரைக்கப்பட்டது. குடிநீர் ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருத்தல் நன்றன்று. வேறு நீர் கிட்டாத இடத்தும் 1.5 மில்லிகிராமைத் தாண்டுதல் கூடாது. மிகுந்த நீரைக் குழந்தைகள் பருகினால், ஈறினுள் உருவாகிக் கொண்டிருக்கும் பற்களில் வெண்மை மங்கி, மஞ்சளும் பழுப்புமாய்க் கறை படியும். பல்லாண்டு பருகினால் எலும்பும் மூட்டும் இறுகும். இறுகிய எலும்பை முன்போல் ஆக்கும் மருந்து இல்லை. வருமுன் காத்தலே வழி. நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு நீங்காது. நீர் ஆவியாகச் செறிவு மிகுமேயன்றிக் குறையாது. நிறத்தாலோ மணத்தாலோ சுவையாலோ அதனை அறியவும் இயலாது. ஆய்வுக்கூடத்தில் நீரைச் சோதித்தே அறிதல் வேண்டும். சுண்ணாம்புச் சத்து நிறைந்த உணவும், உயிர்ச்சத்து ‘சி’ நிறைந்த கனியும் இந்நோயின் கொடுமையை ஒருவாறு தணிக்கும். “கேழ்வரகில் அச்சுண்ணாம்புச் சத்து அரிசியினும் பன்மடங்கு உண்டு, நெல்லிக்கனியில் அவ்வுயிர்ச்சத்து மிகுதி. அம்மா இன்று நமக்கு இட்டது விருந்தும் ஆகும், மருந்தும் ஆகும்” என்று அவர் முடித்தார். அதியமானின் நெல்லிக்கனி அப்போது என் நினைவில் எழுந்தது.

வெயில் சற்றே சாய்ந்தபின் நண்பரையும் உடன் அழைத்துக்கொண்டு ஒகேனக்கல்லை நோக்கிச் சென்றோம். பென்னாகரத்தைக் கடந்தபின் சாலை காட்டினுள் வளைந்து வளைந்து இறங்குகின்றது. இலையுதிர்த்த மரங்களும் மூங்கிற் புதர்களும் இருபுறமும் நின்றன. கோடையில் யானைகள் நீர்நாடி இறங்கும் காடு அது. சிறிது தொலைவில் ஓர் ஓசை கேட்டது. பின் காற்றில் ஈரம் தெரிந்தது. அதன்பின் காவிரி தெரிந்தது. குடகு மலையில் பிறந்த அவ்வாறு இங்கே பல கிளைகளாகப் பிரிந்து, பாறைகளினின்று பாய்ந்து, ஆழ்ந்த பிளவுகளில் ஓடுகின்றது. விழும் நீர் சிதறிப் புகைபோல் எழுதலின் ஒகேனக்கல் என்னும் பெயர் வந்தது. கன்னடத்தில் ‘ஹொகெ’ என்பது புகையையும் ‘கல்’ என்பது பாறையையும் குறிக்கும்.

மூங்கிற் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னி, அடியில் நீர் புகாதபடி உறையிட்டுத் தார் பூசிய பரிசலில், உயிர்காப்புச் சட்டை அணிந்து அமர்ந்தோம். முற்காலத்தில் பரிசலுக்குத் தோலே உறையாக இருந்தது. வெள்ளம் மிகும் நாட்களில் பரிசல் செல்வதற்குத் தடை உண்டு. அன்று நீர் அடங்கியே ஓடிற்று. பரிசற்காரர் ஒற்றைத் துடுப்பால் பாறைகளினூடே எங்களைச் செலுத்தினார். இருபுறமும் செங்குத்தாகப் பாறைச் சுவர்கள். நடுவே குளிர்ந்த நீர். மணிக்கணக்கில் வெயிலில் காய்ந்து வந்த எங்கள் மேனி சிலிர்த்தது. கரையில், வருவோர் வாங்கித் தரும் ஆற்றுமீனைச் சமைத்துக் கொடுக்கும் பெண்டிர் அடுப்பின்முன் அமர்ந்திருந்தனர். நண்பரோடு வந்தோர் பாறைகளின்மீது வட்டமாக அமர்ந்து உண்டு மகிழ்ந்தனர். நாங்களும் அவர்களோடு அமர்ந்து மாலை உணவு உண்டோம்.

அப்போது நண்பர் கூறிய மொழிகள் நெஞ்சில் தைத்தன: “இந்த ஆற்றின் ஓசையை எங்கள் முன்னோர் கேட்டார்கள், ஆடிப் பதினெட்டில் வந்து நீராடினார்கள், பிறகு மேட்டிற்கு ஏறிச் சென்று கிணற்று நீரைக் குடித்தார்கள். ஆறு பள்ளத்தில், ஊர் மேட்டில். ஆறு எங்களுக்கு அருகில் இருந்தது, எங்களுடையதாக இல்லை.” தருமபுரி பாலையான காரணம் இவ்வொரு வாக்கில் அடங்கிவிட்டது. மழை பெய்யும், தங்காது. ஆறு பாயும், ஏறாது. நிலத்தடியில் நீர் கிட்டும். அது நலம் பயவாது.

ஏறாத ஆற்றை ஏற்றியது மனித முயற்சி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டத்திற்கு 2008ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஜப்பான் நாட்டின் கடனுதவியும் அதற்குக் கிடைத்தது. 2013ஆம் ஆண்டில் திட்டம் மக்கள் பயன்பாட்டிற்குத் திறந்து வைக்கப்பட்டது. ஆற்றிலிருந்து எடுக்கும் நீர் யானைப்பள்ளத்தில் தூய்மை செய்யப்பெற்று, எந்திர ஆற்றலால் மேட்டு நிலத்திற்கு ஏற்றப்பெற்று, தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களின் ஊர்களுக்கும் குழாய் வழியே செல்கின்றது. அன்னையார் செம்பில் தந்த நீர் அந்நீரே. அவர் குறிப்பிட்ட அச்சமின்மை அதனால் வந்தது.

ஆயினும், குழாய் வந்ததனாலே கடமை முடிந்துவிடவில்லை. நாப்பழக்கத்தால் கிணற்று நீரே சுவை என்று கருதி, ஆற்றுநீரைப் பிற தேவைக்கும் ஆழ்துளை நீரைக் குடிப்பதற்கும் கொள்வோர் இன்றும் சிலர் உளர் என நண்பர் வருந்தினார். “என் அன்னை மட்டும் பேரப்பிள்ளைகளைக் கிணற்றுப் பக்கம் விடமாட்டார். என் முதுகைப் பாருங்கள் என்பார், அவர்களும் கேட்டுக்கொள்வார்கள்” என்றார். தம் நிலத்தில் அவர் பண்ணைக்குட்டை ஒன்று வெட்டியிருந்தார். வரப்பைத் தாண்டி ஓடிய மழைநீர் இப்போது அதில் தங்கி நிலத்துள் இறங்குகின்றது. தார்ப் பாலையில் வாழும் மக்கள் தம் முற்றத்தில் விழும் மழையை ‘தாங்கா’ எனப்படும் நிலவறைத் தொட்டியில் சேர்த்து வைத்துப் பருகுகின்றனர். நம்மினும் மிகக் குறைந்த மழை பெறுவோர் அவர்கள். தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர்ச் சேகரிப்பு அமைத்தல் வேண்டும் என 2003ஆம் ஆண்டில் சட்டம் செய்யப்பட்டது. சட்டத்தை வாழ்விப்பது மக்களின் பழக்கமேயாம்.

மாணவர்களே! அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டிற்குக் கொணர்ந்தனர் என்று ஔவையார் பாடியுள்ளார். கரும்பு விளைய நீர் வேண்டும். ஆகவே, வறட்சி இந்நிலத்திற்குப் பிறவிக்குணம் அன்று. ஏரியைத் தூர்த்தால் முல்லை பாலையாகும். ஏரியைத் தோண்டினால் பாலை முல்லையாகும். முன்னாளில் ஒரு மன்னன் ஒரு புலவருக்கு ஒரு கனி ஈந்து புகழ் கொண்டான். இந்நாளில் நாம் ஒவ்வொருவரும் நம் ஊர்க் குழந்தைக்கு ஒரு செம்பு நன்னீர் ஈதல் கூடும். நும் ஊர்க் கிணற்று நீரைச் சோதித்ததுண்டா என்று கேளுங்கள். நும் பள்ளிக் கூரையில் விழும் மழை எங்கே செல்கின்றது என்று பாருங்கள். தூர்ந்து கிடக்கும் குளத்தைப் பெரியோர்க்குச் சுட்டிக் காட்டுங்கள். வெயிலில் வந்தார்க்கு முதலில் தண்ணீர் தருவது தமிழர் விருந்தோம்பல். அத்தண்ணீர் நோயற்றதாக இருக்கும்போதே அவ்விருந்து நிறைவு பெறும்.

பயிற்சி வினாக்கள்

1. பாலை என்பது ஒரு நிலையின் பெயர் எனக் கூறுவதன் பொருத்தத்தை விளக்குக.
2. மேட்டு நாட்டில் மாடே செல்வம் எனப்பட்டது ஏன்? நடுகற்களோடு இயைத்து எழுதுக.
3. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுவதற்குரிய காரணங்கள் யாவை? நீரைக் காய்ச்சுதல் அதற்குத் தீர்வு ஆகுமா?
4. “ஆறு எங்களுக்கு அருகில் இருந்தது, எங்களுடையதாக இல்லை” — இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
5. நும் ஊரின் நீர்நிலை ஒன்றைக் கண்டு, அதன் அன்றைய நிலையையும் இன்றைய நிலையையும் முதியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.